பெட்டிக்கு அடியில்: ரயில்வே அருங்காட்சியகங்கள் எதை மீட்டெடுக்கின்றன?



இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ அந்தத் தோழரின் அப்பா ஒரு கேங்மேன். மீட்டர்கேஜ் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோழர் கூட்டங்களில் பேசும்போது எங்கோ ஓரிடத்தில் அப்பாவின் உள்ளங்கைகள் வந்துவிடும். பீட்டர் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கைகள் அவை. “எங்க அப்பா ஜல்லி அடிச்சு மட்டம் பார்த்த பாதையிலதான் அத்தனை பேரும் ஊருக்கு வந்தாங்க. வந்தவங்க யாரும் எங்க தெருப் பக்கம் திரும்பல” என்பார். இன்றைய உரைக்கு ரயிலைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கைகளை நினைத்துத்தான்.

சில மாதங்களுக்கு முன் நம் அமைப்பைச் சேர்ந்த ஆறு பேர் ஒரு ரயில்வே அருங்காட்சியகத்தின் மீட்டெடுப்புப் பணிமனையைச் சுற்றிப் பார்க்கப் போனோம். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நாங்கள் பேச வருவது ஒரு பணிமனையைப் பற்றிய குறையல்ல, ஒரு பழக்கத்தைப் பற்றி.

பணிமனைக்குள்

வழிகாட்டி ஓர் இளைஞர், பொறியியல் படித்தவர். உள்ளே நுழைந்ததும் எண்ணெயும் சுரண்டிய பெயின்ட் தூளும் கலந்த வாசனை. ஒரு பக்கம் நீராவி எஞ்சினின் கொதிகலன் தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஓடும் குழாய்கள் ஒவ்வொன்றையும் உருவி எடுத்து, அரித்துப்போனவற்றை மாற்றி, பிறகு தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும் என்றார் இளைஞர். அந்தச் சோதனையில் தேறாத கொதிகலனில் நெருப்பு மூட்டக்கூடாது. சக்கரங்கள் கடைசல் எந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தன. தேய்ந்துபோன ஓர் உறுப்புக்கு மர அச்சு செய்து, வார்ப்புக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள்.

இந்த வேலையின் அருமையை நாம் மறுக்கவில்லை. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, பிறகு பல காலம் வெறும் காட்சிப் பொருளாக நின்ற ‘இ.ஐ.ஆர். 21’ என்ற எஞ்சினை 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் மீண்டும் ஓடவைத்தார்கள். இல்லாமல் போயிருந்த பல உறுப்புகளைப் புதிதாகச் செய்தார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை இன்னும் ஒரு படி மேலே போனது. நீலகிரி மலை ரயிலுக்கு ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பல்சக்கர எஞ்சின்களைப் போலவே புது எஞ்சின்களைத் தானே கட்டிக் கொடுத்தது. ஆக, காணாமல் போன ஓர் உறுப்பை வரைபடம் பார்த்து, அளவெடுத்து, மறுபடி உண்டாக்கும் திறமை இந்த நாட்டுத் தொழிலாளர் கையில் இருக்கிறது. எதை உண்டாக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் யார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வி எங்களுக்கு எழுந்தது பணிமனையின் மறுகோடியில், ஒரு மீட்டர்கேஜ் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் முன்னால். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டை அடுக்கடுக்காகச் சுரண்டியிருந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு காலத்து நிறமும் ஒரு வளையமாகத் தெரிந்தது. “இதுல எந்த வளையத்துக்குத் திரும்பணும்னு முடிவு பண்றதுதான் முதல் வேலை. எந்த வருஷத்துப் பெட்டியா இதைக் காட்டப் போறோம்கிறது அதைப் பொறுத்தது” என்றார் இளைஞர். மீட்டெடுத்தல் என்பது ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுத்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இருந்தவற்றை மறைப்பதும் அதில் அடங்கும்.

பிறகு பெட்டிக்குள் ஏறினோம். மரப்பலகை இருக்கைகள் மெருகேறி மின்னின. கழிவறைக் கதவைத் திறந்தோம். தரையில் ஒரு தகடு. துளை இருந்த இடத்தை மூடிப் பற்றவைத்திருந்தார்கள்.

எங்களோடு வந்த தோழி ஒருவர், அருகில் நின்ற வயதான ஃபிட்டரிடம் கேட்டார்: “ஏண்ணே, இதை மட்டும் ஏன் அடைச்சிட்டீங்க?”

“தெறந்து வெச்சா யாராவது பயன்படுத்திருவாங்க தாயி. அப்புறம் அதை யார் அள்ளுறது?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. யார் அள்ளுவது? அள்ளியவர் யார்? அந்தத் துளை அடைபட்டபோது அவரும் சேர்ந்தே அடைபட்டார்.

சிரிப்புக் கடிதமும் சிரிக்க முடியாத வரலாறும்

இந்திய ரயில்வேயின் பழங்கதைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒன்று 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி எழுதியதாகக் காட்டப்படும் கடிதம். அகமத்பூர் நிலையத்தில் வயிற்று உபாதைக்காக இறங்கியவர், கார்டு ஊதல் ஊதியதும் ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்து விழுந்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தால்தான் ரயிலில் கழிவறை வந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அப்படி வந்த கழிவறை ஒரு துளை மட்டுமே. கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். “நிலையத்தில் ரயில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள்” என்ற அறிவிப்பை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த அறிவிப்பைப் பலர் மதித்ததில்லை. நிலையத்துப் பாதைகளில் கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர்க் குழாயும் துடைப்பமும் கொடுத்து, ஆட்களை இறக்கினார்கள். இறக்கப்பட்டவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. தமிழகத்தில் அவர்களில் மிகப் பலர் அருந்ததியர், பெண்கள் ஏராளம்.

ஒகில் பாபுவின் கடிதம் நினைவில் இருக்கிறது. அவர் கேட்ட வசதிக்கு விலை கொடுத்தவரின் துடைப்பத்தைப் பாதுகாத்தவர் யாருமில்லை. பயணியின் சங்கடம் வரலாறாகிவிட்டது. துப்புரவுத் தொழிலாளியின் வாழ்க்கைக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை.

சாதி ஏறிய ரயில்

ரயில் சாதியை ஒழித்துவிடும் என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால் தீட்டு எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். அதில் பாதி உண்மை. பயணச்சீட்டு வாங்கியவனை இறக்கிவிட முடியாத ஒரு பொதுவெளி நம் முன்னோர்க்குக் கிடைத்தது பெரிய விஷயம். ஊரைவிட்டு வெளியேற வழி கிடைத்தது. கோலார் தங்கவயலுக்கும் பிற தொழில் நகரங்களுக்கும் நம் மக்கள் போனதில் ரயிலுக்கு ஒரு பங்குண்டு.

மீதிப் பாதியை அண்ணல் அம்பேத்கர் தன் சிறுவயது அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார். சாத்தாராவிலிருந்து தந்தையைப் பார்க்கச் சகோதரனோடும் உறவுப் பிள்ளைகளோடும் ரயிலில் வந்து மசூர் நிலையத்தில் இறங்குகிறார். புதுச் சட்டை, தொப்பி. அழைத்துப்போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அன்போடு விசாரிக்கிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்த நொடியில் அவர் முகம் மாறுகிறது, விலகிப் போய்விடுகிறார். இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகே ஒரு வண்டிக்காரர் சம்மதிக்கிறார், அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில். ரயிலுக்குள் இருந்தவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் கால் வைத்த இடத்தில் சாதி காத்திருந்தது.

தென்னிந்திய ரயில்வேயின் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரின் இயக்கம் அதை எதிர்த்துத் தொடர்ந்து போராடி, 1941இல் அந்தப் பிரிவினை நீங்கியது. அது ஒரு வெற்றி. ‘மற்றவர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நம் முன்னோர் எவ்வளவு தூரம் அனுமதிக்கப்பட்டார்கள் என்று நாம் தனியாகக் கேட்டாக வேண்டும்.

வேலையில் சாதி எப்படி அமர்ந்தது என்பதை அண்ணல் 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஜி.ஐ.பி. ரயில்வே ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் விளக்கினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரு எதிரிகளைப் பற்றி அவர் பேசியது அந்த மேடையில்தான். அந்தப் பகுதியை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே உரையில் ரயில்வே வேலையைப் பற்றி அவர் சொன்னதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தீண்டப்படாதவர் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார் என்றார். போர்ட்டர் வேலைகூட அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், வீட்டுக்குள் அவரை யார் விடுவார்? பணிமனைகளிலும் மெக்கானிக்காகவோ ஃபோர்மனாகவோ அவரைப் பார்ப்பது அரிது, அவர் கூலியாகவே நிறுத்தப்படுகிறார் என்றார்.

தோழர்களே, இந்த உரையை மனதில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தைச் சுற்றி வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை நிலைய அதிகாரியின் தொப்பி, கார்டின் விளக்கு, மகாராஜாவின் சலூன், பித்தளைக் கடிகாரம். அண்ணல் சொன்ன பட்டியலில் நமக்கு மறுக்கப்பட்ட வேலைகளின் பொருள்களே அங்கே காட்சிக்கு வருகின்றன. நமக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் பொருள்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

கேங்மேனின் அறிவு

நம் மக்களின் துயரத்தை மட்டும் காட்சிக்கு வை என்று கேட்பது போதாது. அவர்களுடைய அறிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கீமேன் தினமும் விடியலில் சுத்தியல், ஸ்பேனர், கொடியோடு தன் எல்லை முழுவதும் நடப்பார். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்குவார். சுத்தியல் படும் சத்தத்திலேயே இரும்பின் நலம் அவருக்குத் தெரியும். மர சிலீப்பர் காலத்தில் ஒரு கட்டைக்கு நான்கு பேர் நின்று, பீட்டரால் ஜல்லியை அடியில் செலுத்திக் கெட்டிப்படுத்துவார்கள். நால்வரின் அடியும் ஒரே தாளத்தில் விழாவிட்டால் மட்டம் கெடும். கோடையில் தண்டவாளம் நீளும் நேரம், மழையில் மண் கரையும் இடம், எந்தப் பாலத்தின் கீழ் எந்த வாய்க்கால் முதலில் பொங்கும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். மழைக்கால இரவுகளில் ரோந்துக்காரர் ஒரு விளக்கோடு தனியே நடந்து, அடுத்த எல்லையின் ரோந்துக்காரரைச் சந்தித்து, புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார். அந்தப் புத்தகம் கைமாறினால் நடுவில் உள்ள பாதையை ஒரு மனிதக் கண் பார்த்துவிட்டது என்று பொருள்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. சொல்லட்டும். ஆனால் கவிழாமல் போன ரயில்களின் கணக்கை எழுதுகிறவர் யார்? ஒவ்வொரு மழை இரவிலும் முழங்கால் தண்ணீரில் நடந்து சிவப்பு விளக்கு காட்டியவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி உண்டா?

தொழிலாளர் வரலாற்றிலும் இதே இடைவெளி இருக்கிறது. நாகப்பட்டினம் பணிமனை பொன்மலைக்கு மாறிய காலத்தில், ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் நடந்த தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், சிங்காரவேலர் சிறை சென்றது, 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத்திடலில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிர்விட்டது எல்லாம் நம் பெருமைக்குரிய வரலாறு. அந்த வரலாறு பெரும்பாலும் பணிமனை வாசலிலிருந்து எழுதப்பட்டது. பாதையோரக் குடிசையிலிருந்தும் பிளாட்பாரத்துக்குக் கீழிருந்தும் எழுதப்பட வேண்டிய பக்கங்கள் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன. அவற்றை எழுதுவது தோழமைச் சங்கங்களைக் குறைத்துப் பேசுவதாகாது, அவற்றின் வரலாற்றை முழுமையாக்குவதாகும்.

ஒரு பெட்டி, ஓர் ஆண்டு

இப்படி ஒரு மீட்டெடுப்பு நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு.

அங்கே நிறவெறி ரயில் பெட்டிக்குள் சட்டமாகவே இருந்தது. 1892இல் லூசியானா மாநிலத்தில் வெள்ளையருக்கான பெட்டியில் உட்கார்ந்த ஹோமர் பிளெஸ்ஸி கைது செய்யப்பட்டார். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்ற கொள்கைக்கு அந்த வழக்கில்தான் முத்திரை குத்தியது. வாஷிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் சதர்ன் ரயில்வேயின் 1200ஆம் எண் பெட்டி இருக்கிறது. 1922இல் புல்மன் நிறுவனம் கட்டியது. பிற்பாடு வெள்ளையர், கறுப்பர் பகுதிகளாகப் பிரித்து மாற்றப்பட்டது. அதை மீட்டெடுத்தவர்கள் 1922ஆம் ஆண்டின் அழகிய புதுப்பெட்டிக்குத் திரும்பவில்லை. பிரிவினைச் சுவர் நின்ற 1940களின் தோற்றத்துக்குத் திரும்பினார்கள். வெள்ளையருக்கு விசாலமான ஓய்வறை, கறுப்பருக்குக் குறுகிய கழிவறை என்ற வேறுபாட்டைப் பார்வையாளர் உடம்பால் உணர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கட்டடம் எழும்புமுன் 2013இலேயே பெட்டியை கிரேன் மூலம் பள்ளத்தில் இறக்கி, அதைச் சுற்றி அருங்காட்சியகத்தைக் கட்டினார்கள்.

எந்த வளையத்துக்குத் திரும்புவது என்ற அந்த இளைஞரின் கேள்விக்கு அவர்கள் தந்த பதில் இது.

நம் நாட்டில் அப்படியொரு பெட்டியைத் தேடினால் கிடைக்காது. இந்திய ரயில் பெட்டிக்குள் சாதிக்கென்று சுவர் எழுப்பவில்லை. அதனால் இங்கே ரயில் சமத்துவமானது என்று எளிதில் சொல்லிவிடுகிறார்கள். அங்கே பிரிவினை பெட்டிக்குள் சுவராக நின்றது. இங்கே பெட்டிக்கு அடியில் துளையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்தவர்களை அது பிரிக்கவில்லை. உள்ளே உட்கார்ந்தவர்களையும் கீழே நின்று கழுவியவர்களையும் பிரித்தது. ஆகவே நம் நாட்டு ரயிலில் சாதிக்கான சான்றுப்பொருள் அந்தத் துளைதான். அதன்மேல் தகடு வைத்துப் பற்றவைப்பது சான்றை அழிப்பதாகும்.

சட்டம் ஒப்புக்கொண்டது

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. கையால் மலம் அள்ளுவோர் என்பதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரையறையில் ரயில் தண்டவாளம் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. அதே சட்டம், அரசு அறிவிக்கும் கருவிகளும் பாதுகாப்புக் கவசமும் கொடுத்துச் செய்ய வைத்தால் அவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார் என்று ஒரு சந்தையும் திறந்துவைத்தது. 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் நடக்கும் இந்தக் கொடுமையைக் காலவரையறை வைத்து முடிக்கும்படி ரயில்வேயிடம் சொன்னது. அதன்பின் பெட்டிகளில் உயிரிக் கழிவறைகள் வேகமாகப் பொருத்தப்பட்டன. 2019 வாக்கில் எல்லாப் பெட்டிகளிலும் வந்துவிட்டதாக ரயில்வே அறிவித்தது.

நல்ல மாற்றம்தான், வரவேற்கிறோம். ஆனால் இந்த மாற்றத்தோடு ஓர் ஆபத்தும் வருகிறது. துளை போனதும், அதன் கீழே நின்றவர்களின் வரலாறும் போய்விடும். அவர்கள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் பெயர் ரயில்வேயின் நிரந்தரப் பணிப் பதிவேட்டில் இல்லை, ஓய்வூதியக் கோப்பிலும் இல்லை. ஒப்பந்தக்காரர் மாறும்போது வருகைப் பதிவேடும் மறைகிறது. இன்னும் இருபது ஆண்டில், அப்படியொரு வேலையே இருந்ததில்லை என்று ஒருவர் சொன்னால் மறுத்துக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்?

நாம் செய்ய வேண்டியவை

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலைத் திட்டத்தை முன்வைக்கிறோம். உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ரயில் நிலையத்தையொட்டிய குடியிருப்புகளுக்குப் போங்கள். ஓய்வு பெற்ற கேங்மேன், கீமேன், கேட்மேன், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரைச் சந்தியுங்கள். அவர்கள் பேச்சை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். சாதிக் கொடுமையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் யார், கருவிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் என்ன, ஜல்லி அடிக்கும்போது என்ன பாடினார்கள், எந்த மழையில் எந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பித்தளை வில்லை, பழைய சுத்தியல் எது கிடைத்தாலும் படம் எடுத்து, உரியவரிடமே பத்திரமாக இருக்கச் சொல்லுங்கள். பொருள்களை வாங்கி வந்து நம் அலுவலகத்தில் குவிப்பது நோக்கமல்ல.

அந்தப் பணிமனைக்கு நம் அமைப்பின் சார்பில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பெட்டியின் கழிவறையில் உள்ள தகட்டை எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டு, கீழே ஒரு துண்டுத் தண்டவாளம் தெரியும்படி வைக்கக் கேட்டிருக்கிறோம். பக்கத்தில் வைக்கச் சொல்லி நாம் எழுதிக் கொடுத்த பலகை வாசகம் இது:

“இந்தத் துளை வழியாகக் கழிவு தண்டவாளத்தில் விழுந்தது. நிலையங்களில் அதைக் கையாலும் துடைப்பத்தாலும் அகற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். இந்த வேலையைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவர்கள் பெயர்கள் இங்கே சேர்க்கப்பட்டு வருகின்றன.”

கடைசி வரியை எழுதும்போது எங்களுக்குள் வாதம் நடந்தது. பெயர்களை யார் சேர்ப்பது என்று தோழி கேட்டார். அது நம் வேலை என்று முடிவானது.

நாங்கள் விடைபெறும்போது அந்த ஃபிட்டர் அய்யா வாசல்வரை வந்தார். “கண்ணாடி போடணும்னா போட்ரலாம்ப்பா. அளவு என்கிட்ட இருக்கு. மேல சொல்லி உத்தரவு வாங்கிட்டு வாங்க” என்றார். உத்தரவு வாங்குவதற்கான கையெழுத்துப் படிவம் அரங்கின் வாசலில் மேசைமேல் இருக்கிறது. அதன் அருகில் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். உங்கள் குடும்பத்தில், தெருவில், தண்டவாளத்தில் உழைத்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் ஊரையும் செய்த வேலையையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் தோழரின் அப்பா பெயரை எழுதியிருக்கிறோம். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.